ஓட்டை வண்டிக்கு மார்க் போடுவது எப்படி: முதல்முறை நடுவராகப் போகிறவர்களுக்கு

குறைந்த காசில் வீட்டிலேயே கட்டிய ரேஸ் கார்களுக்கான ஷோவில் நடுவராக வரச் சொன்னால் யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. ஒரு எழுதும் அட்டை, ஒரு பேனா, வண்டி எண்கள் அச்சடித்த தாள், அவ்வளவுதான், "போய் மார்க் போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன், முதல் வண்டியிலேயே சறுக்கினேன். அலுமினியத் தகட்டை மடித்து அழகாகச் செய்திருந்த டாஷ்போர்டில் மயங்கி, செய்நேர்த்திக்கு 10க்கு 9 எழுதிவிட்டேன். அதற்கு அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே பேட்டரி, சாமான் கட்டும் ரப்பர் கயிற்றின் தயவில் உட்கார்ந்திருந்தது. பேனாவால் எழுதியதை அந்தப் பையன்கள் கண்ணெதிரே அடிக்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன், அந்த 9 இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் முதல் விஷயம்: பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவது, மார்க் போடுவதற்கு முன்னால் எல்லா வண்டிகளையும் ஒருமுறை கைவீசிச் சுற்றி வாருங்கள். முதல் வண்டிக்கு 7 கொடுத்துவிட்டால் அதுதான் உங்கள் அளவுகோல் ஆகிவிடும், இருபதாவது வண்டி உண்மையிலேயே அசத்தலாக இருக்கும்போது ஏறுவதற்கு இடம் இருக்காது. இருப்பதில் நல்லது எப்படி இருக்கிறது, மோசமானது எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு எழுத ஆரம்பித்தால் அந்த அவஸ்தை இல்லை.

எந்த ஆட்டத்துக்கு நடுவர் என்பதையும் முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் "சொந்தமாகக் கட்டிய கார்" என்ற ஒரே பெயரில் குணமே வேறான போட்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் என்ற நீண்டநேர ஓட்டப் போட்டியில் வண்டியின் விலை வரம்பு 500 டாலர், நடுவர்கள் கோர்ட் அங்கி போட்டுக்கொண்டு உட்காருவார்கள், லஞ்சத்தை வெளிப்படையாகவே வாங்கிக்கொள்வார்கள் (எல்லாம் கேலிக்குத்தான்). அங்கே உச்சப் பரிசு வேகமான வண்டிக்கு இல்லை. இந்த வண்டியா இத்தனை நேரம் ஓடியது என்று வாய்பிளக்க வைக்கும் உருப்படாத வண்டிக்கு 'இண்டெக்ஸ் ஆஃப் எஃப்ளூயன்சி' என்று ஒரு கோப்பை, அதற்குத்தான் மதிப்பு அதிகம். கிராஸ்ரூட்ஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பத்திரிகை ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் நடத்தும் 2000 டாலர் சேலஞ்ச் வேறு மாதிரி: வளைந்து நெளிந்து ஓடும் ஆட்டோகிராஸ் ஒன்று, நேர்கோட்டில் டிராக் ஓட்டம் ஒன்று, அப்புறம் நிறுத்திவைத்து நடுவர்கள் பார்க்கும் கான்கூர், மூன்றும் சேர்ந்துதான் முடிவு. கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா எஸ்.ஏ.இ.யில் மொத்தம் 1000 புள்ளி, அதில் 325 வண்டி நகராமலேயே கிடைப்பது: வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, விளக்கவுரைக்கு 75. லெமன்ஸ் கண்ணோடு ஃபார்முலா எஸ்.ஏ.இ. வண்டியைப் பார்த்தாலும் தப்பு, அதைத் திருப்பிப் போட்டாலும் தப்பு. வேஷம் கட்டின வண்டிக்கு லெமன்ஸில் மார்க் உண்டு, ஃபார்முலா எஸ்.ஏ.இ.யில் பொறியியல் காரணம் கேட்பார்கள்.

ஆனால் எந்த ஷோவின் தாளை எடுத்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி மூன்றில்தான் வந்து நிற்கும்: யோசனை புதுசா, வேலை சுத்தமா, சொன்ன காசுக்குள் நிஜமாகவே முடித்தார்களா. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சண்டை வருவது அங்கேதான்.

கணக்குப் புத்தகத்தைப் படிப்பது

ஒவ்வொரு அணியும் ரசீதுகள் ஒட்டிய ஒரு கோப்பு நீட்டும். புது நடுவர்கள் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் சில்லறைச் சாமான்களைத் தேடுங்கள். போல்ட், நட், ஹோஸ் கிளாம்ப், கேஸ்கெட் பசை, இன்ஜின் ஆயில், கூலன்ட், உப்புத்தாள், ஸ்ப்ரே பெயின்ட் டப்பா. ஒரு வண்டியைக் கட்டி முடிக்கும்போது இந்தச் சில்லறைச் செலவு எப்படி ஏறும் என்று கட்டினவர்களுக்குத் தெரியும். "எம்8 போல்ட் 40, நைலாக் நட் 40" என்று எழுதிவைத்திருக்கிற அணி பெரும்பாலும் பெரிய விஷயத்திலும் பொய் சொல்லாது. டர்போ, கியர்பாக்ஸ், இன்ஜின் என்று மூன்றே வரி இருந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

இலவசமாக வந்த பொருள்தான் அடுத்த சிக்கல். "மாமா கொடுத்தார்" என்று பூஜ்யம் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெளியில் வாங்கியிருந்தால் என்ன விலையோ அதைக் கணக்கில் எழுதச் சொல்வதுதான் வழக்கமான விதி. வாங்கிய வண்டியில் தேவையில்லாத பாகங்களை விற்று அந்தக் காசைக் கழித்துக்கொள்ளவும் பல போட்டிகளில் அனுமதி உண்டு, அதற்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும். நாலு கதவு, சீட்டு, கண்ணாடி, கார்ப்பெட் எல்லாவற்றையும் விற்றுக் காசாக்கியவன் கெட்டிக்காரன், அதில் தப்பில்லை, வரம்புக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட் பெல்ட், தீயணைப்பான் மாதிரியான பாதுகாப்புச் சாமான்களைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஆட்கள் அங்கேதான் கஞ்சத்தனம் பண்ணுவார்கள், யாராவது செத்துப்போவார்கள்.

டயரைக் கணக்கில் சேர்க்கும் போட்டியாக இருந்தால் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் ஒரு பக்கத்தில்தான் முழு எண் இருக்கும், வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் டார்ச் அடித்துத் தேட வேண்டும். "வண்டி வாங்கும்போதே இந்த டயர்தான் இருந்தது" என்று கோப்பு சொல்கிறது, வண்டி வாங்கிய ரசீது 2018, டயர் 2319. இப்போது பேச்சு கொஞ்சம் தடுமாறும். கத்த வேண்டாம், எண்ணைக் காட்டிவிட்டு அமைதியாக நின்றால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மீறினால் என்ன தண்டனை என்பதை விதிப்புத்தகமே சொல்ல வேண்டும், நீங்களாக அந்த இடத்தில் தீர்மானிக்கக் கூடாது. லெமன்ஸில் 500க்கு மேல் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று அபராதம் என்று சுலபமாக முடித்துவிடுகிறார்கள். சாம்ப்கார் என்ற போட்டி இந்த ரசீது வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. ஒவ்வொரு கார் மாடலுக்கும் ஒரு புள்ளி மதிப்பு, கூடுதலாக மாட்டும் பாகத்துக்கும் புள்ளி, கூட்டினால் 500க்குள் இருக்க வேண்டும். எனக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும், காயலாங்கடையில் பேரம் பேசிக் குறைத்தவனின் சாமர்த்தியத்துக்கு அதில் இடமில்லை. நடுவருக்குத் தலைவலி குறைவு என்பதை மட்டும் மறுக்க முடியாது.

வேலை சுத்தமா: எங்கே பார்ப்பது

கண்ணுக்குத் தெரிகிற இடத்தை எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். கைக்கு எட்டாத இடத்தில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் மார்க். வெல்டிங்கை வெளிப்பக்கம் பார்க்காதீர்கள், குழாயின் பின்பக்கம், தரையோடு ஒட்டுகிற மூலை, வெல்டிங் டார்ச் உள்ளே போகத் தகராறு பண்ணும் இடம், அங்கே பாருங்கள். தொடர்ந்து சீராக ஓடிய கோடு திடீரென்று பறவை எச்சம் மாதிரி குமிழ் குமிழாக நிற்கிறதா, குண்டூசித் துளைகள் தெரிகிறதா, வெல்டின் ஓரத்தில் உலோகம் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா. அரைத்து வழுவழுப்பாக்கி மேலே பெயின்ட் அடித்த வெல்டைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அழகுக்காகத் தகட்டில் அரைத்திருந்தால் சரி, சுமை தாங்கும் பிராக்கெட்டில் எதற்கு அரைத்தாய் என்று கேட்பேன். பூசி மெழுகினது அநேகமாக அங்கேதான் இருக்கும்.

பிராக்கெட்டுகளைப் பார்க்கும்போது ஒரு சின்ன விஷயம். சஸ்பென்ஷன் கையை ஒரே ஒரு தகட்டிலிருந்து நீட்டிய போல்டில் மாட்டியிருக்கிறார்களா, இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து போல்டைக் குறுக்கே செலுத்தியிருக்கிறார்களா? முதலாவதில் போல்ட் வளையப் பார்க்கும், இரண்டாவதில் சுமை இரு பக்கமும் பிரியும். இரண்டாவது வகைக்குக் கூடுதலாக ஆன செலவு ஒரு துண்டு இரும்புத் தகடு, ஆனால் அதைச் செய்தவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். நைலாக் நட்டுக்கு வெளியே போல்டின் மரை ஒன்றிரண்டு சுற்றாவது எட்டிப்பார்க்க வேண்டும், நட்டுக்குள்ளேயே முடிந்துபோனால் நைலான் வளையம் பிடித்திருக்காது.

வயரிங்கில் நான் மூன்றே மூன்றுதான் பார்ப்பேன். தகட்டில் துளை போட்டு வயர் போகிற இடத்தில் ரப்பர் குரோமெட் (வயரைத் தகட்டின் விளிம்பு அறுக்காமல் காக்கும் வளையம்) இருக்கிறதா, மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இல்லை இரண்டு மீட்டர் தள்ளி டாஷ்போர்டில் இருக்கிறதா (நடுவில் வயர் உரசினால் அந்த ஃபியூஸ் எதைக் காப்பாற்றும்?), மூன்றாவது கில் சுவிட்ச், அதாவது அவசரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தும் சுவிட்ச். இதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் திருப்பினால் இன்ஜின் நிற்க வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டிக்கிற மாதிரி இணைத்திருந்தால் ஆல்டர்னேட்டர் தருகிற கரன்ட்டிலேயே இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், சுவிட்சைத் திருப்பியவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நான் பார்த்த ஒரு ஷோவில் அடுத்தடுத்து இரண்டு வண்டிகளில் இப்படி ஆனது. மார்க் குறைப்பது அப்புறம், முதலில் பாதுகாப்புப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த வண்டி ஓடலாமா கூடாதா என்பது அவர் வேலை, உங்கள் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லி முன்சக்கர பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். பத்து நொடி வேலை. பெயின்ட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ரோலரில் அடித்த பெயின்ட்டையும் பொறுமையாகத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவர முடியும், அந்தப் பொறுமைக்கு மார்க் கொடுக்கலாம். பெயின்ட்டே இல்லாத வண்டிக்கு அதனால் மட்டும் குறைக்காதீர்கள்.

புதுமைக்கும் கோமாளித்தனத்துக்கும் நடுவில்

இங்கேதான் நடுவர்கள் ஏமாறுவது அதிகம். விநோதமாக இருப்பதையெல்லாம் புதுமை என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு ஒரு சோதனை இருக்கிறது: "இது இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பேன். பதில் இருந்தால் புதுமை. "பார்க்க நல்லா இருக்கும்னு" என்றால் அலங்காரம், அதற்கு வேறு கட்டம் இருந்தால் அங்கே போடலாம்.

விளம்பரப் பலகை செய்கிற நெளி பிளாஸ்டிக் அட்டையை வெட்டி முன்பக்கம் காற்றுத் தடுப்பு செய்கிற வழக்கம் இந்த வண்டிகளில் சகஜம். விலை குறைவு, எடை இல்லை, உடைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். அதை வெறுமனே ஒட்டிவைத்தவனுக்கு 4 என்றால், பானெட்டிலும் பின்கண்ணாடியிலும் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக டேப்பில் ஒட்டி, பக்கத்தில் இன்னொரு வண்டியிலிருந்து வீடியோ எடுத்து, நூல் எங்கே படிந்து கிடக்கிறது, எங்கே தலைவிரித்து ஆடுகிறது என்று பார்த்து அட்டையின் கோணத்தை மாற்றியவனுக்கு 8 கொடுப்பேன். இரண்டு வண்டியிலும் இருப்பது அதே அட்டைதான். ஆனால் இரண்டாவது வண்டியின் ஓரத்தில் டேப் பசையின் அடையாளம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தப் பசையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏற்கெனவே நல்ல ஸ்போர்ட்ஸ் காரை மலிவாகப் பிடித்தவருக்கும், துருப்பிடித்த குடும்பக் காரை அறுத்து இன்ஜினைப் பின்பக்கம் மாற்றியவருக்கும் வேலையின் அளவு ஒன்றில்லை. "முன்" படங்கள் கோப்பில் இருக்கும், அவற்றைத் தவறாமல் பாருங்கள்.

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது

ஒரு அணிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் மூன்றை நன்றாகப் பேசத் தெரிந்தவர் தின்றுவிடுவார். அவர் மனப்பாடமாக ஒப்பிக்கட்டும், நீங்கள் பின்னால் கைகட்டி நிற்கும், நகக்கண்ணில் கிரீஸ் போகாத ஆளைத் தேடி, "முதலில் உடைந்தது எது?" என்று கேளுங்கள். நான் கேட்டதிலேயே பலன் தருகிற கேள்வி இதுதான். "இந்த ஆக்சில் பாருங்க, மூணாவது ஓட்டத்துல போச்சு, மறுபடி அதே மாதிரி போட்டோம், மறுபடி போச்சு, அப்புறம்தான் இன்ஜின் மவுன்ட் ஆடுறதைக் கண்டுபிடிச்சோம்" என்று ஆரம்பித்தால் அந்த ஆளை நிறுத்த முடியாது. "ஒண்ணும் உடையல சார்" என்று சொன்னால் வண்டி ஓடவேயில்லை என்று எழுதிக்கொள்ளலாம்.

ஃபார்முலா எஸ்.ஏ.இ. வடிவமைப்பு நடுவர்கள் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். என்ன செய்தீர்கள் என்பதோடு விடமாட்டார்கள், ஏன் இதைத் தேர்ந்தீர்கள், கணக்கிட்டதும் அளந்ததும் ஒத்துப்போனதா என்று நோண்டுவார்கள். அவ்வளவு வேண்டாம், ஆனால் "ஏன்" என்று இரண்டு தடவை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், இரண்டாவது தடவையில் சொந்தமாகச் செய்தவர் யார், வெளியில் காசு கொடுத்துச் செய்யவைத்தவர் யார் என்பது தெரிந்துவிடும். வெளியில் செய்யவைத்தது குற்றமில்லை, அந்தக் கூலி கோப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் நண்பர் வண்டி வந்தால் அந்தத் தாளை இன்னொரு நடுவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். நீங்கள் உயிராக நினைக்கும் கம்பெனிக் கார் வந்தாலும் அதே வைத்தியம்தான், அது நண்பனைவிட மோசம்.

எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் போடுவது எப்படி எல்லாவற்றையும் கெடுக்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பல வருடம் நடுவராக இருந்தவர்கள்கூட யோசிப்பதில்லை. ஓட்டத்தையும் ஷோவையும் சேர்த்து முடிவு அறிவிக்கும் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டோகிராஸுக்கு 100 புள்ளி, சிறந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்து 100ஆல் பெருக்குவது சூத்திரம் என்று வைப்போம். சிறந்த வண்டி 48 நொடி, இன்னொன்று 52 நொடி, அதற்கு 92.3 கிடைக்கும். 4 நொடி வித்தியாசத்துக்கு 7.7 புள்ளி போய்விட்டது. ஷோவுக்கு 25 புள்ளி. யாரையும் புண்படுத்த வேண்டாம் என்று நடுவர்கள் எல்லா வண்டிக்கும் 19லிருந்து 22க்குள் போட்டால், ஆறு மாதம் இரவில் விழித்துச் செய்த வேலைக்கும் முந்தின வாரம் அவசரமாக ஒப்பேற்றியதற்கும் வித்தியாசம் வெறும் 3 புள்ளி. பாதையில் அது ஒன்றரை நொடி. நல்ல டயர் ஒரு செட் போட்டால் தீர்ந்தது. தாளில் ஷோவுக்கு 25 என்று இருந்தாலும் உண்மையில் நீங்கள் அதை 3ஆக ஆக்கிவிட்டீர்கள்.

அதனால் முழு அளவையும் பயன்படுத்துங்கள். 6 கொடுக்க வேண்டிய வண்டிக்கு 6 கொடுங்கள், 24 தகுதியுள்ளதற்கு 24. நான் செய்வது: ஒவ்வொரு கட்டத்துக்கும் அன்றைக்கு வந்ததில் சிறந்த வண்டி, கடைசி வண்டி இரண்டையும் முதலில் முடிவு செய்து இரண்டு முனையிலும் நட்டுவிடுவேன், மற்றவற்றை நடுவில் வரிசைப்படுத்துவேன். மதியத்துக்கு மேல் கண் அசந்துபோகும், கை தாராளமாகவோ கடுப்பாகவோ மாறும், எனவே கடைசி வண்டி முடிந்ததும் காலையில் பார்த்த முதல் மூன்று வண்டிகளுக்குத் திரும்பிப் போய் மறுபடி பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்றாவது மாறியிருக்கிறது.

இன்னொரு நடுவரோடு சேர்ந்து போனால் நடக்கும்போது பேசிக்கொள்ள வேண்டாம். தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் தாள்களைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கட்டத்தில் அவர் 3, நீங்கள் 8 என்றால் சராசரி 5.5 என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு பேரில் ஒருவர் எதையோ பார்க்கவில்லை. இருவருமாக வண்டிக்கே திரும்பிப் போவதுதான் வழி. சமன் வந்தால் எந்தக் கட்டத்தின் மார்க் முடிவு செய்யும் என்பதைக் காலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள், சாயங்காலம் இரண்டு அணியும் எதிரே நிற்கும்போது அதை யோசித்தால் என்ன சொன்னாலும் பாரபட்சம் என்பார்கள்.

கடைசியாக, மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். "நன்று" என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் உதவாது. "பின் ஆக்சில் பிராக்கெட், இடது, உள்பக்க வெல்டில் துளைகள்" என்று எழுதுங்கள். பரிசு அறிவித்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் உங்களைத் தேடி வந்து "சார், எங்களுக்கு அந்த 4 மார்க் எங்கே போச்சு?" என்று கேட்பார். அந்த வரி இருந்தால் கையோடு வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் டார்ச் அடித்துக் காட்டலாம்.